மழைப் பதிவேடுகளைக் கழிக்கும் முன்: ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மழைப் பதிவுகளைக் கணினியில் பராமரிக்கும் அலுவலகத்தின் பொறுப்பு அலுவலர்களுக்கு,

கையால் எழுதப்பட்ட பழைய மழைப் பதிவேடுகளைக் கழித்துவிட முடிவு செய்திருக்கிறீர்கள் என்று அறிகிறேன். எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, இனி இவை இடத்தை அடைக்கின்றன என்பது நீங்கள் சொல்லும் காரணம். அந்த முடிவை எதிர்த்து இம்மடலை எழுதுகிறேன். எல்லாம் ஏறிவிடவில்லை. ஏறியதும் ஏறியபடி இல்லை. இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

தோவாளை வட்டத்தில் மலையடிவாரத்து மழைமானி நிலையம் ஒன்றில் அளவெடுத்து ஓய்வு பெற்றவன் நான். வேலை எளிமையானது, ஆனால் பிடிவாதமானது. தினமும் காலை 8.30 மணிக்குப் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் பாத்திரத்தை எடுத்து, நீரை அளவுக் குடுவையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு நேராகப் பிடித்து, வளைந்து நிற்கும் நீர்ப்பரப்பின் அடிவிளிம்பு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். பெருமழை பெய்த மறுநாள் ஒரு குடுவையில் அடங்காது. குடுவை குடுவையாக அளந்து, ஒவ்வோர் அளவையும் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து, கூட்டி, வந்த தொகையைக் கட்டத்துக்குள் மையால் எழுதுவோம். பக்கத்திலேயே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். மானியில் இலை விழுந்து அடைத்திருந்தால் அதில் எழுதுவோம். குடுவை உடைந்தால் எழுதுவோம்.

ஓர் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் குடுவை உடைந்தது. மாற்றுக் குடுவை வந்தது, ஆனால் அது வேறு மானிக்கு உரியது. எங்கள் மானியின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். வந்ததோ 100 சதுர சென்டிமீட்டர் மானிக்குக் கோடு போட்ட குடுவை. அதில் ஊற்றினால் பெய்த மழை சரியாக இருமடங்காகத் தெரியும். மேலிடத்துக்குத் தெரிவித்தோம். சரியான குடுவை டிசம்பர் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் குடுவை காட்டியதை அப்படியே எழுதினேன். ‘இன்று முதல் மாற்றுக் குடுவை, அளவு இருமடங்காகக் காட்டுகிறது, பாதியாகக் கொள்க’ என்று முதல் நாள் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். சரியான குடுவை வந்த அன்று அதையும் எழுதினேன். நானே மனக்கணக்காகப் பாதியாக்கி எழுதியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதியிருந்தால், எந்த நாள் பாதியாக்கினேன், எந்த நாள் மறந்தேன் என்பதைப் பின்னால் வருகிற யாரும் கண்டுபிடிக்க முடியாது. பார்த்ததை எழுது, காரணத்தைப் பக்கத்தில் எழுது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறகு கணினி வந்தது. பதிவேட்டிலிருந்த எண்களைத் தட்டச்சு செய்தார்கள். குறிப்புக் கட்டத்தை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் மென்பொருளில் அதற்கு இடமில்லை. எண் மட்டும் ஏறியது, எண்ணுக்கான விளக்கம் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

அதன் பின் நடந்ததை, வெவ்வேறு ஆண்டுகளில் உங்கள் அலுவலகமே கொடுத்த இரண்டு அச்சுப்படிகளையும் என்னிடமுள்ள மாத அறிக்கைகளின் கார்பன் நகல்களையும் அருகருகே வைத்தால் யாரும் படிக்கலாம். அக்டோபரில் ஒரு நாள் பதிவேட்டில் 240 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. உண்மையில் பெய்தது 120. முதல் அச்சுப்படியில் 120 என்று இருக்கிறது. யாரோ ஒருவர் அந்த ஆண்டு எண்கள் மிகையாக இருப்பதைக் கவனித்துப் பாதியாக்கியிருக்கிறார். அவரை நான் பாராட்டுகிறேன், கண் உள்ள மனிதர். ஆனால் அவர் ஆண்டு முழுவதையும் பாதியாக்கிவிட்டார். ஏப்ரல் மாதத்தில் சரியான குடுவையில் அளந்த 36 மில்லிமீட்டர் கோடை மழையும் 18 ஆகிவிட்டது. குறிப்புக் கட்டம் அவர் கண்ணில் பட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இரண்டாவது அச்சுப்படியில் அக்டோபர் மழை 60. ஏப்ரல் மழை 9. அதாவது, பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றும்போதோ வேறு எப்போதோ, ‘இந்த ஆண்டு இருமடங்குக் கோளாறு உண்டு’ என்ற செய்தி மட்டும் யாருக்கோ எட்டியிருக்கிறது. அது ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது என்ற செய்தி எட்டவில்லை. எங்கே எட்டும்? அது எங்கும் எழுதப்படவில்லையே. மறுபடி பாதியாக்கிவிட்டார்கள்.

60 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்துதான் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. ஆக, மிக கனமழை பெய்த ஒரு நாள் உங்கள் கணினியில் கனமழைகூட இல்லாத நாளாகிவிட்டது. சிறு எண்களின் கதியும் இதுதான். மழை நாள் என்று எண்ணப்பட 2.5 மில்லிமீட்டர் வேண்டும். 8 மில்லிமீட்டர் பெய்த நாள் இரண்டு முறை பாதியாகி 2 ஆனதும் மழை நாள் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. எங்கள் ஊர் ஓடையின் குறுக்கே உள்ள சிறுபாலத்தில் நீர் போகும் கண் போதவில்லை, அகலமாக்க வேண்டும் என்று விவசாயிகள் மனு கொடுத்தார்கள். அந்த அக்டோபரில் பாலத்தில் நீர் முட்டி, கரை மீறி, வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்ததைச் சான்றாகக் குறிப்பிட்டிருந்தார்கள். வந்த பதில்: குறிப்பிட்ட நாளில் பதிவான மழை 60 மில்லிமீட்டர் மட்டுமே, அது அசாதாரண மழை அல்ல. மனுவில் கையெழுத்திட்ட ஒருவர் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து, “அண்ணாச்சி, அன்றைக்கு அளந்தது நீங்கள்தானே? அறுபதா பெய்தது?” என்று கேட்டார். கார்பன் நகலை எடுத்துக் காட்டினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விளக்கம் கேட்டோம். கணினியில் உள்ள அளவே இறுதியானது, திருத்தம் செய்ததற்கான பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் இரண்டாம் பாதியை நான் முழுமையாக நம்புகிறேன்.

இப்போது அந்த ஆண்டு முழுவதையும் நான்கால் பெருக்கினால் சரியாகிவிடுமா? ஆகாது. மாற்றுக் குடுவை இருந்த மாதங்களை இரண்டால் பெருக்க வேண்டும், மற்ற மாதங்களை நான்கால். எந்த நாளில் குடுவை மாறியது என்பது பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. அது தெரிந்தாலும் முழுதாக மீளாது. ஏப்ரலில் 7.3 என்று இருந்ததைப் பாதியாக்கி ஒரு தசம இடத்துக்குச் சுருக்கினால் 3.7. மீண்டும் பாதியாக்கிச் சுருக்கினால் 1.9. அதை நான்கால் பெருக்கினால் 7.6 வருகிறது, 7.3 அல்ல. ஒவ்வொரு முறை எண்ணின் மேல் எண்ணை எழுதும்போதும் கொஞ்சம் உண்மை கரைகிறது. கரைந்ததை எந்தச் சூத்திரமும் திருப்பித் தராது. பதிவேடு திருப்பித் தரும். அதைத்தான் நீங்கள் கழிக்கப் போகிறீர்கள்.

கணினிக்கு முன்னால் அலுவலகங்களில் இருந்த வழக்கம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பதிவேட்டில் தவறு நேர்ந்தால் ரப்பரால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். ஒரு சாதாரண எழுத்தர் கடைப்பிடித்த இந்த ஒழுங்கை, கணினி என்று வந்ததும் நாம் கைவிட்டுவிட்டோம். இதைவிடக் கறாரான வழக்கம் பத்திரப் பதிவில் இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணோ எல்லையோ தவறிவிட்டால், பதிவான பத்திரத்தை யாரும் திறந்து திருத்துவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்றைப் பதிவு செய்கிறார்கள். முதல் பத்திரம் தவறோடு அப்படியே கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சொத்தின் கதை முழுமையாகும். நான் கேட்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை. மழைக்கும் அப்படி ஒரு பிழைத்திருத்தல் ஏடு வேண்டும்.

இது கணினியில் கடினமான காரியமும் அல்ல. எடுத்த எண்கள் ஒரு கோப்பில், யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கட்டும். திருத்தங்கள் இன்னொரு சிறிய கோப்பில் இருக்கட்டும்: எந்த நிலையம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்ன செய்ய வேண்டும், ஏன், ஆதாரம் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம், யார் சொன்னார், எப்போது. யாராவது திருத்திய அளவு கேட்டால், அந்த நேரத்தில் மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுக்கட்டும். எங்கள் குடுவைக் கோளாறு முழுவதும் இதில் ஒரே ஒரு வரி. எத்தனை முறை கேட்டாலும் மூல எண்ணிலிருந்தே கணக்கிடுவதால், அந்த ஒரே வரி இரண்டு முறை பாதியாக்காது. திருத்தமே தவறு என்று பின்னால் தெரிந்தால் அந்த வரியை ரத்து என்று குறித்தால் போதும். அதையும் அழிக்கத் தேவையில்லை.

தரவு பெருகிவிட்டது, எல்லாவற்றுக்கும் இரண்டு படி வைக்க இடம் இல்லை என்று நேரில் வந்தபோது ஒருவர் சொன்னார். கையால் அளக்கும் நிலையத்தின் ஐம்பது ஆண்டு தினசரி மழை என்பது பதினெட்டாயிரம் சொச்சம் எண்கள்தான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிட அதிக இடம் பிடிக்கும். தானியங்கி நிலையங்கள் வேறு மாதிரி, ஒத்துக்கொள்கிறேன். கால் மணிக்கு ஒரு முறை பதிவு செய்யும் ஒரு கருவி நாளைக்கு 96, ஆண்டுக்கு 35,040 எண்களைத் தரும். மழையோடு வெப்பம், ஈரப்பதம், காற்று என்று சேர்த்தால் மலைபோல் குவியும். ஆனால் குவியல் பெரிதாகப் பெரிதாக நான் சொல்லும் முறைக்குத்தான் வலு கூடுகிறது. இரண்டு முழுப் படிகள் வைக்கச் சொல்லவில்லை. ஒரு மூலம், அதோடு சில நூறு வரித் திருத்தங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுக் கோப்பையும் புதிதாக எழுதுவதுதான் இடத்தையும் நேரத்தையும் தின்னும்.

இந்த எச்சரிக்கை தேவையில்லாதது என்று நினைப்பவர்களுக்கு ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் தரையிலிருந்து அளந்த பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1985-இல் அதை வெளியிட்டார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதே வானத்தை 1978 முதலே மேலிருந்து அளந்துகொண்டிருந்தது. ஆனால் ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 180-க்குக் கீழே வந்த அளவுகளை ஐயத்துக்குரியவை என்று அதன் மென்பொருள் குறியிட்டு ஒதுக்கிவைத்தது. அவ்வளவு குறைவாக ஓசோன் இருக்க வாய்ப்பில்லை என்பது அன்றைய நம்பிக்கை. கவனியுங்கள், ஒதுக்கிவைத்தது, அழிக்கவில்லை. அதனால்தான் திரும்பிப் போய் அதே எண்களை மறுபடி கணக்கிட முடிந்தது. ஓட்டை ஒரு நிலையத்துக்கு மேல் மட்டும் அல்ல, அண்டார்க்டிகா முழுவதும் பரவியது என்று வரைபடமாகவே காட்ட முடிந்தது. ஓசோனைச் சிதைக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987-இல் வந்தது. ‘நம்பத்தகாத’ எண்களை யாராவது ‘நம்பத்தகுந்த’ எண்களால் நிரப்பியிருந்தால் அந்த வரைபடம் ஏது?

நம் கடலிலும் இதே முறை நடக்கிறது. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டினத்திலும் மீனவர்கள் எதிர்பார்க்கும் கடல் எச்சரிக்கைகளைத் தருகிற ஐதராபாத்தின் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் பங்கேற்கும் ஆர்கோ திட்டத்தில், மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. மிதவை அனுப்பிய எண் ஒரு கட்டத்தில், திருத்திய எண் தனிக் கட்டத்தில், எவ்வளவு நம்பலாம் என்ற குறியீடு இன்னொரு கட்டத்தில். உலகின் பெருங்கடல்களுக்கே இது கட்டுப்படியாகிறது என்றால் ஒரு மாவட்டத்துக்கு ஆகாதா?

அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டுப் பொருந்தாத எண்களைச் சரிசெய்யும் மென்பொருளை வாங்கப் போவதாகவும் கேள்விப்படுகிறேன். இதில்தான் எனக்குப் பெரிய அச்சம். சமவெளி மாவட்டங்களில் அது ஓரளவு பொருந்தலாம். இங்கே கடலுக்கும் மலைக்கும் நடுவே நிலம் ஒரு நாடா போலத்தான் கிடக்கிறது. மலைமேல் பாலமோரில் வெளுத்து வாங்கும் அன்று கீழே கொட்டாரத்தில் வெயில் அடிக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் பேச்சிப்பாறைக்கு மேலே மேகம் உடைந்து கொட்டலாம். தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. எந்தப் பருவம் எந்தப் பக்கத்து நிலையத்துக்கு எவ்வளவு தரும் என்பதே மாறிக்கொண்டிருக்கும். கொட்டாரத்தைப் பார்த்துப் பாலமோரைத் திருத்தத் தொடங்கினால் மலையில் பெய்கிற மழையெல்லாம் காகிதத்தில் நின்றுவிடும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கு வரும் நீர் அந்த மலையிலிருந்து வருகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெல் போகங்களும் அந்த நீரை நம்பி நடக்கின்றன.

நாள் கணக்கிலும் இதே ஆபத்து உண்டு. காலை 8.30-க்கு எடுக்கும் அளவு முந்தைய 24 மணி நேரத்து மழை, ஆனால் எடுத்த நாளின் பெயரில் பதிவாகும். ஒக்கிப் புயல் எங்களை அடித்த 2017 நவம்பர் 30 பகலில் பெய்த மழை டிசம்பர் 1-ஆம் தேதிக் கட்டத்தில்தான் இருக்கும். இந்த வழக்கம் தெரியாத ஒருவர், புயல் வந்தது நவம்பரில் அல்லவா என்று நல்லெண்ணத்தோடு ஒரு நாள் பின்னால் தள்ளினால் இரண்டு மாதங்களின் மொத்தமும் மாறிவிடும். அளவு எடுக்காத நாளுக்குப் போட்ட கோட்டைச் சுழி என்று தட்டச்சு செய்த இடங்களையும் உங்கள் அச்சுப்படியில் பார்த்தேன். அளக்காததும் பெய்யாததும் ஒன்றல்ல.

கழிக்கவிருக்கும் ஏடுகளில் 1956 நவம்பர் 1-க்கு முந்தியவையும், அதாவது இந்த மண் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த காலத்தவையும், இருக்கின்றன. அவற்றில் மழை அங்குலத்தில் எழுதப்பட்டிருக்கிறது, சில குறிப்புகள் மலையாளத்தில் இருக்கின்றன. கணினியில் மில்லிமீட்டர் மட்டும் இருக்கிறது. மாற்றும்போது 25.4-ஆல் பெருக்கினார்களா, 25-ஆல் பெருக்கிச் சமாளித்தார்களா என்பதைச் சொல்ல அந்த ஏடுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

ஆகவே கேட்கிறேன். முதலில், பதிவேடுகளைக் கழிக்கும் முடிவை எழுத்து மூலமாக நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஓரத்துப் பென்சில் கூட்டலோடும் குறிப்புக் கட்டத்தோடும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். எண்களை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். ஸ்கேன் முடிந்த பிறகும் ஏடுகளைக் குப்பைக்கோ காகித ஆலைக்கோ அனுப்பாமல் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள்.

அந்த ஏடுகளிலிருந்து எடுத்தபடியே ஒரு மூலக் கோப்பைப் புதிதாக உருவாக்கிப் பூட்டுங்கள். அலுவலகத் தலைவர் உட்பட யாருக்கும் அதில் மாற்றும் அனுமதி இருக்கக் கூடாது. அங்குலம் அங்குலமாகவே இருக்கட்டும், கோடு கோடாகவே இருக்கட்டும், 240 என்பது 240 ஆகவே இருக்கட்டும். கோப்பு மாறவில்லை என்று எவரும் சோதித்துக்கொள்ள அதன் சரிபார்ப்பு எண்ணை வெளியிடுங்கள்.

திருத்தங்களுக்குத் தனி ஏடு தொடங்குங்கள். ஆதாரமும் பெயரும் தேதியும் இல்லாத திருத்தத்தை மென்பொருள் ஏற்கக் கூடாது. புதிய மென்பொருள் அண்டை நிலையத்தைப் பார்த்து ஐயப்படட்டும், குறியிடட்டும். எண்ணை மாற்றும் அதிகாரம் அதற்கு வேண்டாம். வெளியே கொடுக்கும் ஒவ்வோர் அச்சுப்படியிலும் மூல அளவு, திருத்திய அளவு இரண்டும் இருக்க வேண்டும். எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்க்கப்பட்டவை என்றும் அச்சிட வேண்டும். கல்லூரி மாணவரும் பொறியாளரும் ஒரே நிலையத்துக்கு இரண்டு விதமான எண்களை வைத்துக்கொண்டு நிற்பதற்கு அதுவே தீர்வு.

எங்கள் நிலையத்தின் அந்த ஆண்டை முதல் வேலையாக மீட்டுத் தாருங்கள். என்னிடமுள்ள கார்பன் நகல்களைச் சான்றொப்பமிட்டுத் தரத் தயாராக இருக்கிறேன். அலுவலர் முன்னிலையில் வரிவரியாக ஒப்பிடவும் வருகிறேன். மீட்ட அளவைச் சிறுபாலம் பற்றிய மனுவைத் தள்ளிய அலுவலகத்துக்கு நீங்களே அனுப்பி, 60 என்று சொன்னது தவறு என்று எழுதுங்கள். விவசாயிகள் மறுபடி மனுவோடு அலைய வேண்டாம்.

இதற்கான பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அது வரும்வரை ஒரு பதிவேடுகூட அலமாரியை விட்டு இறங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழைமானி அளவெடுப்பாளர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்